கொதித்த பப்பாளிப் பால்

சாயக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்லப்போவது எதுவும் பாடப்புத்தகத்துக்கு எதிரானது அல்ல. பாடப்புத்தகம் சரியாகத்தான் இருந்தது. நான்தான் அதைத் தவறான சூட்டில் பயன்படுத்தினேன்.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள்வரை தினமும் டைரி எழுதியிருக்கிறேன். நீரின் சூடு, நூலின் எடை, சோப்பின் அளவு, மேஸ்திரி திட்டிய நேரம் எல்லாம் அதில் உண்டு. அறுபதுகளின் கடைசியில் எழுதிய ஒரு டைரியில் திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து பக்கங்கள் இருக்கின்றன. ஓரங்களில் கறை படிந்திருக்கிறது. அந்த ஐந்து பக்கங்களைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

காஞ்சிபுரத்துக்கு நான் வந்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. கையில் வேதியியல் பட்டம். நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் சாயக்கூடத்தில் வேதியியலர் உத்தியோகம். ஆறு மாதம் பார்ப்பார்கள். பிடித்தால் நிரந்தரம், பிடிக்காவிட்டால் ஊருக்குப் பஸ். எனக்கு முன் அந்தச் சங்கத்தில் வேதியியலர் என்று யாரும் இருந்ததில்லை. இல்லாததால் எதுவும் கெட்டுப்போனதும் இல்லை. இதை மேஸ்திரி முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டார்.

மேஸ்திரிதான் சாயக்கூடத்தின் தலைமைச் சாயக்காரர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். தமிழில் இருக்கும்வரை மரியாதையாகப் பேசுவார். கோபம் வந்தால் தெலுங்குக்குப் போய்விடுவார். ஆறு மாதத்தில் நான் அந்த மொழியை நன்றாகவே கற்றுக்கொண்டேன். அவருக்கு அடுத்தவர் சரோஜா. பட்டு நூலைச் சுற்றிக் கட்டிய கற்றைகளை, அதாவது சிட்டங்களை, மூங்கில் கழியில் மாட்டிக் கொப்பரையில் திருப்பித் திருப்பிப் போடுவது அவர் வேலை. ஏறக்குறைய என் வயது. கை வேலையில் இருக்கும்போதே வாய் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும்.

நீங்கள் படித்ததுதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். பட்டுப்புழு கக்குகிற இழையில் இரண்டு புரதங்கள் இருக்கின்றன. உள்ளே இருப்பது இழை. அதுதான் பட்டு. வெளியே பூசினாற்போல் இருப்பது பசை. பசை போனால்தான் பளபளப்பு வரும், சாயம் ஏறும். எடையில் ஏறக்குறைய கால் பங்கு பசைதான். ஆகவே பசை போனதா இல்லையா என்று தராசு சொல்லிவிடும். பசையை எடுக்கச் சோப்புத் தண்ணீரில் கொதிக்க வைப்பார்கள். அன்றைக்கு அது ஒன்றுதான் வழி.

அந்த ஒரு வழி போதாது என்று எனக்குத் தோன்றியது. அதுதான் என் முதல் பிழை. சோப்பில் உள்ள காரம் பசையைக் கரைக்கும் என்றால் அதிகக் காரம் சீக்கிரம் கரைக்கும் அல்லவா? ஒரே ஒரு சிட்டத்தை எடுத்துக் காஸ்டிக் சோடாக் கரைசலில் போட்டுக் கொதிக்கவிட்டேன். மேசைக்குப் போய் டைரியில் அளவுகளை எழுதி, அடிக்கோடு இட்டுவிட்டுத் திரும்பினேன். மேஸ்திரி கழியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். கழியில் சிட்டம் இல்லை. சிட்டத்தைக் கட்டியிருந்த பருத்திக் கயிறு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

"நூல் எங்க சார்?" என்றார் மேஸ்திரி.

"கரைந்துவிட்டது. பசையும் புரதம், பட்டும் புரதம். இவ்வளவு காரத்தில் இரண்டுமே கரைந்துவிடும். பருத்தி புரதம் இல்லை, அதனால் கயிறு நிற்கிறது" என்று விளக்கினேன். விளக்கம் முழுக்கச் சரி.

சரோஜா கயிற்றைத் தடவிப் பார்த்தார். "கயிறு நல்லா வெளுத்துக்கினு வந்திருக்குது சார்" என்றார்.

செய்தி சங்கத் தலைவருக்குப் போனது. அவர் அதிகம் பேசாத மனிதர். என்னைக் கூப்பிட்டு, "தம்பி, அடுத்த தடவை நூல் கரைஞ்சா கூடவே நீங்களும் கரைஞ்சுடணும்" என்றார்.

இது நடந்தது நான்காம் மாதத்தில். ஆறாம் மாதத்தின் கடைசி வாரத்தில் சோப்பு இல்லாமல் போனது. லாரிகள் ஓடவில்லை. அதே வாரத்தில் ஒரு கல்யாண வீட்டுக்காகப் பதினாறு புடவைக்குரிய பத்துக் கிலோ கச்சாப் பட்டு வந்து இறங்கியது. வெள்ளிக்கிழமைக்குள் பசை நீக்கி வைக்காவிட்டால் வேறு இடத்துக்குப் போய்விடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். தலைவர் என்னிடம் வந்தார். "சோப்பு இல்லாம பசை எடுக்க வழி இருந்தா எடுங்க. வெள்ளிக்கிழமை நூலைப் பார்த்துட்டு உங்க விஷயத்தையும் முடிவு பண்ணிடறேன்" என்றார். மகன் நிரந்தரமாகிவிட்டான் என்று ஊரில் என் அப்பா உறவினர்கள் எல்லோருக்கும் ஏற்கெனவே கடிதம் போட்டிருந்தார்.

திங்கட்கிழமை, சங்கத்துக்குச் சோப்பு தருகிற பாயிடம் போய்க் கெஞ்சினேன். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. "எங்க சார் இருக்குது? எனக்கே குளிக்க இல்லை" என்றார். பின்கட்டில் அவருடைய மைத்துனர் ஒரு பெரிய தாம்பாளத்தில் இறைச்சியை வைத்துப் பிசைந்துகொண்டிருந்தார். நான் பிறந்ததிலிருந்து சைவம். முகத்தைத் தெருப் பக்கம் திருப்பி, என் சைக்கிளைப் பார்த்தபடி, "என்ன பாய், வீட்டில் விசேஷமா?" என்றேன்.

"தங்கச்சி பொண்ணுக்கு நிச்சயம் சார். கடா கொஞ்சம் முத்தலா மாட்டிக்கிச்சு. பரவாயில்லை, பப்பாளிக்காய் போட்டா அரை மணியில பஞ்சு மாதிரி ஆயிடும்."

சைக்கிளைப் பார்த்தபடியே நான் உறைந்து நின்றேன். இறைச்சி புரதம். பட்டின் பசை புரதம். பப்பாளிப் பாலில் புரதத்தை வெட்டுகிற நொதி இருக்கிறது. நொதி என்பது வேறொன்றுமில்லை, உயிருள்ளவை தங்கள் வேலைக்காகச் செய்து வைத்திருக்கும் கத்தரிக்கோல். பட்டு இழை நெருக்கமாக அடுக்கிய புரதம், அதில் கத்தரி லேசில் நுழையாது. பசை தளர்ந்த புரதம், நுழையும்.

"பாய், எவ்வளவு கறிக்கு எவ்வளவு காய்?"

"அஞ்சு கிலோவுக்கு ஒரு காய். ஏன் சார், நீங்க சைவம் இல்லையா?"

"சைவம்தான். தோலோடவா, சீவியா?"

பாய் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "தோலோட. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் சார்."

அன்றைய டைரியில் இப்படி இருக்கிறது: இறைச்சி ஐந்து கிலோ. பப்பாளிக்காய் ஒன்று, தோலோடு. நேரம் அரை மணி. விளைவு பஞ்சு. எழுதாமல் விட்டது ஒன்றே ஒன்று. தாம்பாளத்தில் இருந்த இறைச்சி இன்னும் அடுப்பில் ஏறவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றவனுக்கு அது எப்படித் தெரியும்? இறைச்சி என்றால் கொதிக்கிற குழம்பு என்றுதான் என் கற்பனை.

செவ்வாய்க்கிழமை காலை இரண்டு டம்ளர்களும் ஒரு பிளேடும் எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனேன். மரத்தில் இருக்கும் பச்சைக் காயைக் கீறினால் பால் சொட்டும். பதினோரு வீடுகளில் கேட்டேன். மூன்று வீடுகளில் கதவைச் சாத்தினார்கள், மற்ற வீடுகளில் சேர்த்து இரண்டு டம்ளர் பால் தேறியது. பச்சைப் பப்பாளிக்காயை ஊரில் எதற்குத் தேடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும், எனக்குத்தான் தெரியாது. கல்யாணமாகாத பையன் காலங்கார்த்தாலே பப்பாளிக்காய் கேட்டு அலைகிறான் என்ற செய்தி எனக்கு முன்னால் நான் குடியிருந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

வீட்டுக்கார அம்மாள் வாசலிலேயே மறித்தார். "ஏம்பா, யாருக்குப்பா பப்பாளி?"

"பட்டுக்குங்க."

"அது யாருப்பா பட்டு?"

டைரியில் இந்த உரையாடலுக்கு எதிரே 'விளக்க முயன்றேன்' என்று மட்டும் இருக்கிறது.

புதன்கிழமை. 10.40க்கு அடுப்பு மூட்டினோம். 11.15க்குத் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. பத்துக் கிலோவையும் கழிகளில் மாட்டி இறக்கச் சொன்னேன். "மொதல்ல ஒரு சிட்டம் போட்டுப் பார்க்கலாமா சார்?" என்று சரோஜா கேட்டார். நேரம் இல்லை என்றேன். உண்மையில் நேரம் இருந்தது. ஒற்றைச் சிட்டத்தைப் பற்றிய கிண்டலை மறுபடி கேட்கத்தான் எனக்குத் தெம்பு இல்லை. இரண்டு டம்ளர் பப்பாளிப் பாலைக் கொதிக்கும் நீரில் என் கையாலேயே ஊற்றினேன். மேஸ்திரி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் தமிழிலும் இல்லை, தெலுங்கிலும் இல்லை. அது எனக்குப் பயமாக இருந்தது.

பன்னிரண்டு மணிக்கு ஒன்றும் இல்லை. ஒரு மணிக்கு ஒன்றும் இல்லை. இரண்டு மணிக்கு ஒரு சிட்டத்தை எடுத்துக் காயவைத்து நிறுத்தேன். கால் பங்கு குறைய வேண்டிய எடை ஏதோ பேருக்குக் குறைந்திருந்தது. கொதிநீர் மட்டும் ஊற்றியிருந்தாலே அவ்வளவு குறைந்திருக்கும்.

மேஸ்திரி காய்ந்த நூலை விரலால் சுண்டினார். "கம்பி மாதிரி இருக்குது சார். கொடி கட்டலாம், துணி காயப்போட."

நான் முக்காலியில் உட்கார்ந்து கணக்குகளை மறுபடி சரிபார்த்தேன். அளவு சரி. நேரம் சரி. பால் புதியது. சரோஜா கழியைக் கீழே வைத்துவிட்டு என் எதிரே வந்து நின்றார்.

"சார், பாலை எப்போ ஊத்துனீங்க?"

"நீங்கள்தான் பார்த்தீர்களே. நன்றாகக் கொதித்த பிறகு."

"கொதிக்கச் சொல்லவே ஊத்துனீங்க?"

"ஆமாம்."

"உங்க வீட்டுல கொதிக்கிற பால்லதான் உறை ஊத்துவாங்களா சார்?"

நொதியும் ஒரு புரதம். அதற்கென்று ஒரு வடிவம் இருக்கிறது, அந்த வடிவம் இருக்கும்வரைதான் வேலை செய்யும். கொதிநிலையில் வடிவம் குலைந்துவிடும். வெந்த முட்டை மறுபடி பச்சை முட்டை ஆகாது என்பதுபோல் அதுவும் திரும்பாது. இதெல்லாம் எனக்குத் தெரியும். இறுதித் தேர்வில் இந்தக் கேள்வி வந்தது, முழு மதிப்பெண் வாங்கினேன். இரண்டு டம்ளர் கத்தரிக்கோல்களை உருக்கிவிட்டு, ஏன் வெட்டவில்லை என்று மூன்று மணி நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு பாயிடம் ஓடினேன். "பாய், காயை எப்போது போடுவீர்கள்?"

"பச்சைக் கறியிலதான் சார். பெரட்டி ஊற வெச்சுட்டு அப்புறமா அடுப்பு. கொதிக்கச் சொல்ல போட்டா என்னா புண்ணியம்?" என்றவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எதிர்லதானே நடந்துச்சு. நீங்க சைக்கிளையே பாத்துக்கினு இருந்தீங்க."

நூல் கெடவில்லை, அது ஒன்றுதான் ஆறுதல். ஆனால் பால் தீர்ந்துவிட்டது. அந்தப் பதினோரு வீடுகளுக்கு இனி நான் போக முடியாது. ஒரு நாள்தான் பாக்கி. திரும்பி வந்து சரோஜாவிடம் நிலைமையைச் சொன்னேன். "எங்க வீட்டுக்காரரோட அண்ணன் ஏனாத்தூர்ல பப்பாளி போட்டிருக்காரு. நான் கேட்டா தப்பா நினைக்க மாட்டாங்க. எனக்கு ஏற்கெனவே மூணு பிள்ளைங்க இருக்குது" என்றார்.

வியாழன் காலை 9.05க்கு ஒரு தூக்கு நிறையப் பாலோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். இந்த முறை எதையும் நான் தொடவில்லை. அவர் தண்ணீரில் கை விட்டுப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம்." மறுபடி கை விட்டார். "இப்போ கை பொறுக்குது." நான் வெப்பமானியை விட்டேன். ஐம்பது டிகிரி. ஒரே ஒரு சிட்டத்தை இறக்கினோம். ஒரு மணி நேரம் கழித்து எடுத்து அலசியபோது அது விரலில் வழுக்கிக்கொண்டு ஓடியது. மேஸ்திரி அதை வெயிலில் பிடித்தார்.

"எல்லாத்தையும் போடு" என்றார் சரோஜாவிடம். என்னிடம் கேட்கவில்லை.

உற்சாகத்தில் மேஸ்திரி கழியை விட்டுவிட்டு வெறுங்கையாலேயே சிட்டங்களைத் திருப்பினார். ஒரு மணிக்கு அவர் விரல் நுனிகளில் தோல் உரியத் தொடங்கியது.

"என்ன சார் இது, எரியுது!"

"தோலும் புரதம்தான் மேஸ்திரி."

அடுத்த அரை நிமிடம் தெலுங்கு. கடைசியில்தான் தமிழுக்குத் திரும்பினார். "அதை மொதல்ல சொல்ல மாட்டியாய்யா?"

இரண்டு மணிக்கு எல்லா நூலும் பளபளத்தது. மேஸ்திரி கைக்கு எண்ணெய் தடவிக்கொண்டு, பச்சைத் தண்ணீரில் அலசிக் காயப்போடலாம் என்றார். சாப்பாட்டு நேரமும் ஆகியிருந்தது. நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். காரியம் முடிந்துவிட்டது என்று எல்லோருக்கும் தோன்றுகிற நேரம். நூலுக்குள் ஊறிய பால் பச்சைத் தண்ணீரில் முழுக்கப் போகாது. வெட்டப் பசை தீர்ந்துவிட்டால் கத்தரி சும்மா இருக்காது, மெதுவாக இழையிலும் பல்லை வைக்கும். கல்யாணப் புடவை நெய்கிறபோது தறியில் அறுந்தால் யார் பொறுப்பு?

"மேஸ்திரி, இன்னொரு கொப்பரையில் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். நூலை அதில் பத்து நிமிடம் போட வேண்டும்" என்றேன்.

மேஸ்திரி கையிலிருந்த எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "நேத்து கொதிக்க வெச்சது தப்பு. இன்னிக்குக் கொதிக்க வெச்சா சரியா? நாளைக்கு என்ன, ஐஸா? நான் வெக்க மாட்டேன். இந்த நூல் போச்சுன்னா உனக்கு பஸ் இருக்குது. எனக்கு எங்க இருக்குது?"

வடிவம், பிணைப்பு, குலைவு என்று தொடங்கினேன். அவர் முகம் கதவு மாதிரி மூடிக்கொண்டது. ஒவ்வொரு நிமிடமும் நூலுக்குள் கத்தரி ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்திக்கொண்டு, சரோஜா பக்கம் திரும்பினேன்.

"உங்கள் வீட்டில் தோசை மாவு புளித்துக்கொண்டே போகிறது. எப்போது நிற்கும்?"

"கல்லுல ஊத்துனா நிக்கும்."

"ஊற்றின தோசை அப்புறம் புளிக்குமா?"

"அதெப்படிப் புளிக்கும்? வெந்துபோச்சே."

"இந்தப் பாலும் அப்படித்தான். நேற்று புளிக்க விடாமலே கல்லில் ஊற்றிவிட்டேன். இன்றைக்குப் பதமாகப் புளித்துவிட்டது. இப்போது ஊற்றாவிட்டால் கெட்டுவிடும்."

சரோஜா மேஸ்திரியைப் பார்த்துத் தலையாட்டினார். "சரியாத்தான் சொல்றாரு மேஸ்திரி. அடுப்பை மூட்டுங்க."

மேஸ்திரி மூட்டினார். ஆறு மாதத்தில் நான் சொன்ன ஒன்றை அவர் செய்தது அதுதான் முதல் தடவை. அதுவும் நான் சொல்லி இல்லை.

வெள்ளிக்கிழமை காலை நூல் நிழலில் காய்ந்திருந்தது. பத்துக் கிலோவில் ஏழே முக்காலுக்குக் கொஞ்சம் குறைய நின்றது. தலைவர் வந்தார். ஒரு சிட்டத்தை எடுத்துக் காதருகில் வைத்துக் கசக்கினார். துளி அமிலம் விட்ட தண்ணீரில் மேஸ்திரி கடைசியாக அலசியிருந்ததால் நல்ல பட்டுக்கு உரிய அந்தக் கிரீச் சத்தம் வந்தது. ஓர் இழையைப் பிரித்து இழுத்துப் பார்த்தார். அறவில்லை. இன்னொன்றையும் இழுத்தார். பிறகு மேஸ்திரியைத் தனியாக அழைத்துக்கொண்டு போனார். கண்ணாடிச் சன்னல் வழியாக அவர்கள் பேசுவது தெரிந்தது, கேட்கவில்லை. மேஸ்திரி தோலுரிந்த விரல்களைக் காட்டினார். தலைவர் சிரித்தார். மேஸ்திரி தோசை ஊற்றுவதுபோல் கையைச் சுழற்றினார். தலைவர் சன்னல் வழியாக என்னைப் பார்த்தார்.

பன்னிரண்டு மணிக்கு ஆணை தட்டச்சாகி வந்தது. முதல் பத்தியில் நான் நிரந்தரம். படித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அப்பாவின் கடிதம் உண்மையாகிவிட்டது. பிறகுதான் இரண்டாம் பத்தியைப் பார்த்தேன். சாயக்கூடத்தில் புதிய முறை எதையும் கையாளுமுன் வேதியியலர் அதைச் சிட்டம் திருப்பும் தொழிலாளி சரோஜாவிடம் விளக்க வேண்டும், அவர் தலையாட்டிய பிறகே அடுப்பு மூட்டப்பட வேண்டும் என்றிருந்தது. கீழே தலைவரின் கையொப்பமும் சங்க முத்திரையும் இருந்தன.

எனக்குக் காது சூடானது. பட்டதாரி நான். ஆனால் சரோஜா இந்த ஆணையைக் கொஞ்சமும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் இருந்த காலம் முழுவதும் அதை யாரும் ரத்து செய்யவும் இல்லை. உங்களுக்கு அப்படி ஓர் ஆணை வராது. நீங்களாகவே ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். சூத்திரம் எழுதத் தெரிவது வேறு, அடுப்புக்கு முன் நிற்பவருக்கு விளங்கச் சொல்வது வேறு. இரண்டாவதைச் செய்ய முடியாதபோது பெரும்பாலும் முதலாவதிலேயே ஏதோ ஒன்றை நாம் பார்க்காமல் விட்டிருப்போம்.

அடுத்த வாரமே சாயம் ஏற்றுவதில் ஒரு புதிய யோசனையோடு சரோஜாவிடம் போனேன். ஏழு நிமிடம் பேசினேன். கேட்டு முடித்ததும் அவர் ஒரு கழியைத் திருப்பிப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"புரியலை சார். மொதல்லேருந்து வாங்க."